எதிர்வீட்டுக்காரரின் பௌர்ணமி லீவு

எங்கள் எதிர்வீட்டுக்குக் குடிவந்தவர் ஓநாயாக மாறக்கூடியவர் என்பதை நான் கண்டுபிடித்தபோது எனக்குப் பதினான்கு வயது. அறிவியலில் முப்பத்தெட்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்த காலம். இருந்தாலும் இந்த ஆராய்ச்சியை எந்த விஞ்ஞானிக்கும் குறையாத பொறுமையோடு செய்தேன் என்று இப்போதும் சொல்லிக்கொள்வேன். முடிவுதான் தப்பாகப் போயிற்று.

ஆவடியில் சர்க்கார் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி. அப்பா ஃபாக்டரியில் ஃபிட்டர். சித்தி வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து எங்கள் வீட்டு வரிசை முழுவதற்கும் ஜாக்கெட் தைத்தாள். கேட்டால் ஆண்களின் பேன்ட்டையும் பிரித்துச் சரிசெய்து கொடுப்பாள். அவளுக்கு இருபத்தொன்பது முடிந்திருந்தது. அந்த எண்ணை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. வந்த வரன்களில் சிலர் அவளை வேண்டாம் என்றார்கள், சிலரை அவள் வேண்டாம் என்றாள். இரண்டாவது கணக்கு கொஞ்சம் அதிகமாகிவிட்டதில் அம்மாவுக்குத் தங்கைமேல் மனத்தாங்கல் இருந்தது.

ஓநாய் விஷயம் பொங்கலில் ஆரம்பித்தது. வரிசையில் எல்லாரும் சேர்ந்து வீடியோ டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்தார்கள். இரண்டு தமிழ்ப் படக் கேசட்டோடு, கடைக்காரன் கொசுறாக ஓர் இங்கிலீஷ் படத்தையும் கொடுத்தனுப்பியிருந்தான். அதில் பௌர்ணமி நிலா வந்ததும் ஒரு நல்ல மனிதனுக்குப் பாதம் பெருத்தது, சட்டை கிழிந்தது, உடம்பெல்லாம் ரோமம் முளைத்தது. பெரியவர்கள் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். ஒரு வார்த்தை புரியாமல் நான் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். புரியாததாலோ என்னவோ, நடந்ததையெல்லாம் அப்படியே நம்பினேன்.

அடுத்த மாதமே எதிர்வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், அதே ஃபாக்டரியில் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கலாம், கல்யாணம் ஆகவில்லை. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு பம்ப் ஸ்டவ், அவ்வளவுதான் சாமான். கையெல்லாம் ரோமம். புருவங்கள் இரண்டும் நடுவில் சேர்ந்திருந்தன. எங்களைக் கண்டால் குரைக்கிற தெருநாய்கள் அவரைக் கண்டால் வாலைக் குழைத்துக்கொண்டு பின்னால் போயின. அவர் தினமும் காலையில் அவற்றுக்கு பன் வாங்கிப் போட்டார் என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் ஓநாய்க்கும் நாய்க்கும் என்ன சொந்தம் என்பதும் எனக்குத் தெரியும்.

இதைவிடப் பெரிய சந்தேகம் அவருடைய பேன்ட். எங்கள் வரிசையில் ஆண்கள் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் செய்கிற முதல் வேலை லுங்கிக்கு மாறுவது, இரண்டாவது வேலை அதை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுவது. அப்பா உட்பட எவருடைய முழங்காலும் எனக்கு அந்நியமில்லை. இவர் மட்டும் வீட்டிலும் முழு பேன்ட்தான். மாசியில் காலம் தவறி ஒரு மழை பெய்து தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. எல்லாரும் மடித்துக்கொண்டு நடந்தார்கள். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பேன்ட்டை நனையவிட்டுப் போனார். தண்ணீர் வடிந்ததும் நான் போய் அவர் வாசல் சேற்றில் பதிந்திருந்த தடத்தைப் பார்த்தேன். வலது பாதம் மனிதப் பாதம். இடது பாதம் அதைவிட ஒரு மடங்கு அகலமாக, விரல்கள் சரியாகப் பதியாமல் இருந்தது. படத்திலும் பாதம்தான் முதலில் மாறியது.

அதற்குப் பிறகு காலண்டரைக் கவனித்தேன். எங்கள் தினசரி காலண்டரில் பௌர்ணமிக்கு வெள்ளை வட்டமும் அமாவாசைக்குக் கறுப்பு வட்டமும் போட்டிருக்கும். இரண்டு வெள்ளை வட்டம் வந்தது. இரண்டுக்கும் அவர் லீவு. ஒரு கறுப்பு வட்டத்துக்கும் லீவு போட்டார்தான், ஆனால் படத்தில் அமாவாசை வரவில்லையாதலால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அம்மாவிடம் இதற்கு வேறு விளக்கம் இருந்தது. அவர் பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்கு கிரிவலம் போகிறார் என்றாள். அவரே சொன்னாராம். உண்மையிலேயே அந்த நாட்களில் அவர் வீட்டு முன்கதவில் பூட்டுத் தொங்கும். இரண்டு நாள் கழித்துக் கொஞ்சம் இளைத்த முகத்தோடு வந்து, அம்மாவிடம் ஒரு பொட்டலம் விபூதி கொடுப்பார். அம்மா பயபக்தியோடு வாங்கி என் நெற்றியில் பூசுவாள். நான் யாரும் பார்க்காதபோது அழித்துவிடுவேன்.

கிரிவலம் போகிற, குடிக்காத, சீட்டாடாத, சர்க்கார் சம்பளம் வாங்குகிற மாப்பிள்ளை எதிர்வீட்டிலேயே இருக்கும்போது வெளியே தேடுவானேன் என்று அம்மாவுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. அப்பா ஃபாக்டரியில் விசாரித்தார். ஜாதகம் பொருந்தியது. தஞ்சாவூரிலிருந்து அவருடைய அண்ணன் சம்மதம் எழுதினார். சித்திதான் ஏதாவது நொட்டை சொல்லப்போகிறாள் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவளோ மிஷினை நிறுத்தாமலேயே சரி என்றாள். அம்மாவுக்கு நம்ப முடியவில்லை. இரண்டாம் முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். சித்ரா பௌர்ணமிக்குப் பின் வருகிற ஞாயிற்றுக்கிழமை பூ வைப்பது என்று முடிவானது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. என் சித்தியை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவளைக் கொண்டுபோய் ஓர் ஓநாயிடம் கொடுக்கப்போகிறார்கள், அதுவும் தேங்காய் உடைத்து. சேக்காட்டிலிருந்து வரும் என் வகுப்புத் தோழியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைவிடக் கோபப்பட்டாள்.

“இன்னாடி இது, ஒன் சித்திய இட்டுக்கினு போயி ஓநா கையில குடுக்கப் போறாங்க, நீ பாத்துக்கினு சும்மா கீற?” என்றாள்.

சும்மா இருக்கக்கூடாது என்று தீர்மானித்தோம். கோடை விடுமுறை. சித்ரா பௌர்ணமியன்று மத்தியானம் மூன்று மணிக்கு, வரிசை முழுக்கத் தூங்குகிற நேரத்தில், இருவரும் வீடுகளின் பின்பக்கச் சந்து வழியாகப் போனோம். முன்கதவில் வழக்கம்போல் பூட்டு. ஆளில்லாத அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நீளமாக, அடித்தொண்டையிலிருந்து, ஏறி இறங்கி. தோழி என் கையை உதறிக்கொண்டு, “ஊள உட்றான்டி” என்று ஓடியே போய்விட்டாள். அவளுக்குச் சித்தி இல்லை. நானும் ஓடியிருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கே நாள்தான் இருந்தது. பின்கதவைத் தள்ளினேன். அது சும்மா சாத்தியிருந்தது.

சித்திரை வெயிலில் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவர் கட்டிலில் கிடந்தார். கட்டில் ஆடும்படி உடம்பு நடுங்கியது. கம்பளிக்கு வெளியே இடது கால் நீட்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரே பருமன். கணுக்கால் என்று ஒன்று இல்லை. தோல் சிவந்து மினுமினுத்தது. அந்த மாதிரிக் காலை நான் பார்த்திருக்கிறேன். ரயில்வே கேட் அருகே வெள்ளரிப்பிஞ்சு விற்ற தாத்தாவுக்கு இரண்டு காலும் அப்படித்தான். பயம் ஒரே நொடியில் போய்விட்டது. போனதில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

“கதவச் சாத்து பாப்பா, வெளிச்சம் கண்ணக் குத்துது” என்றார்.

சாத்தினேன். திருவண்ணாமலைக்குப் போகவில்லையா அங்கிள் என்று கேட்டேன். இந்தக் காலோடவா என்று அவர் கேட்டார். இது யானைக்கால் ஜுரம், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி வரும், ரெண்டு நாளில் இறங்கிவிடும் என்று நடுக்கத்துக்கு நடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தேன். டம்ளர் பல்லில் இடித்தது. அவர்மேல் எனக்கு இரக்கமாக வந்தது. இத்தனை நாள் அவரைத் தப்பாக நினைத்ததற்குப் பரிகாரமாக, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்: படம், புருவம், சேற்றுத் தடம், காலண்டர். அந்த ஜுரத்திலும் அவர் சிரித்தார்.

“புள்ளைங்க எல்லாம் அப்படித்தான் பேசிக்கிதுங்களா?”

“நானும் என் ஃப்ரண்டும் மட்டுந்தான் அங்கிள்.”

“இருக்கட்டும். ஓநாய்னே சொல்லிக்க பாப்பா. எனக்கு ஒண்ணும் கோவமில்ல” என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “அப்படியே சொல்லு” என்று இன்னொரு முறையும் சொன்னார்.

எப்பேர்ப்பட்ட மனிதர்! ஒரு சிறுமி பொய்க்காரியாகக் கூடாது என்பதற்காக, தன்மேல் விழுந்த அபாண்டத்தைத் தாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். இந்தக் களங்கத்தை நான்தான் துடைக்க வேண்டும் என்று அங்கேயே முடிவுசெய்தேன். ஆனால் நான்கு நாளும் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. அடுத்தவர் வீட்டுப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு போனேன் என்று தெரிந்தால் அம்மா தோலை உரித்துவிடுவாள். இதற்குள் தோழி தன் பங்கைச் செய்துவிட்டிருந்தாள். ஊளைச் சத்தம் வரிசைப் பிள்ளைகள் அத்தனை பேர் வாயிலும் ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவருடைய அண்ணனும் அண்ணியும் தட்டுகளோடு வந்தார்கள். அவர் தரையைத் தொடும்படி வேட்டி கட்டியிருந்தார், ஜுரம் தெளிந்து முகம் நன்றாக இருந்தது. எங்கள் பக்கம் அப்பாவின் அக்கா, என் அத்தை, முதல் நாளே வந்திருந்தாள். சித்தியை மணையில் உட்காரவைத்து, அண்ணி மல்லிகைச் சரத்தைக் கையில் எடுத்த நேரம் பார்த்து அத்தைக்குக் கேலி பண்ணத் தோன்றியது.

“மாப்பிள்ள பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஓநாயா மாறிடுவாராமே, வாண்டுங்க பேசிக்கிதுங்க. எங்க பொண்ண உசாராத்தான் இருக்கச் சொல்லணும்” என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அவர் என்ன பாடுபடுகிறார் என்று எனக்கு மட்டும்தானே தெரியும்! நான் எழுந்து நின்றேன்.

“அவரு ஓநாய் இல்ல. நானே உள்ள போயிப் பாத்தேன். அவருக்கு யானைக்கால் ஜுரம், அவ்ளோதான்.”

அவ்வளவுதான் என்றேன். எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள் என்றே எதிர்பார்த்தேன். அண்ணியின் கை சரத்தோடு அப்படியே நின்றது. அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை வாயில் வைத்த வெற்றிலையை மெல்லவில்லை. அப்பாதான், குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“பாப்பா சொல்றது நெசமா தம்பி?”

“நெசந்தாங்க” என்றார் அவர். என்னை ஒரு தடவை பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும்.

அண்ணி ஏதேதோ சொன்னாள், மாத்திரை சாப்பிடுகிறார், யாருக்கும் ஒட்டாது என்று. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். ஒரே ஃபாக்டரியில் வேலை செய்கிறோம், மனக்கசப்பு வேண்டாம், ஆனால் தெரிந்தே பெண்ணைக் கொடுக்க முடியாது என்றார். அவர்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குள் போனார்கள். பத்தடி தூரம்தான். வரிசை முழுவதும் வாசலில் நின்று பார்த்தது.

இரண்டு மாதத்தில் அவர் கோவில்பதாகைப் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். சித்திக்கு அதற்குப் பிறகும் வரன்கள் வந்தன. ஒவ்வொன்றையும் அவள் வேண்டாம் என்றாள், கடைசியில் அம்மா தேடுவதை நிறுத்திவிட்டாள். அந்த யானைக்கால் கொசுவால் வருவது, தொட்டால் ஒட்டாது, பிள்ளைகளுக்கு இறங்காது என்பதையெல்லாம் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு அண்ணனூர் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் படித்தேன். அன்றைக்கு ரயிலை விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அடி விழவில்லை. பின்கதவைத் தள்ளியதற்குக்கூட யாரும் திட்டவில்லை. குடும்பத்தைக் காப்பாற்றிய பெண் என்று அத்தை என் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள். சாயங்காலம் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் வாட்ச் வாங்கித் தருவதாக அப்பா சொன்னார். ஒன்பதாம் வகுப்பில் யாரிடமும் வாட்ச் இல்லை. நான் தலைவாரிக்கொள்ள உள்ளறைக்குப் போனபோது சித்தி பட்டுப்புடவையை அவிழ்த்து, மடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான் எப்படி உள்ளே போனேன், அந்தக் கால் எப்படி இருந்தது என்று எல்லாரும் மாற்றி மாற்றி என்னைக் கேட்டிருந்தார்கள். அவள் அதையெல்லாம் கேட்கவில்லை.

“கால கீழயே போட்டிருந்தாரா, தலகாணி மேல ஒசத்தி வச்சிருந்தாரா?” என்றாள்.

“கீழதான் போட்டிருந்தாரு சித்தி.”

சித்தியின் கை புடவையில் நின்றது. “ஜுரம் வந்தா ரெண்டு தலகாணி வச்சி ஒசத்திக்கங்கன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்” என்றாள்.

எப்போது சொன்னாள், எங்கே வைத்துச் சொன்னாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வாசலில் அப்பா சைக்கிள் மணியை அடித்தார். கடை மூடுவதற்குள் போகவேண்டுமே என்று ஓடினேன்.