படம் இப்ப எங்க ஓடுது?

சினிமா ஆபரேட்டர் வேலை என்றதும் "ஆஹா, தினமும் ஓசிப்படம்!" என்று வாயைப் பிளக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திண்டுக்கல்லில் ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் அந்த வேலையைப் பார்த்தவன் நான். சித்திரை வெயிலில் தகரக்கூரைக்குக் கீழே, வெளிச்சத்துக்காகக் கார்பன் குச்சி எரிகிற புரொஜக்டர் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டம் நின்று பாருங்கள், தெரியும். ஒரு கண் கார்பன் மேல், இன்னொரு கண் ரீல் மேல். படத்தைப் பார்க்க மூன்றாவது கண்ணுக்கு எங்கே போவது? ஆனால் ஊரே என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "படம் இப்ப எங்க ஓடுது?" அதாவது, கதை எந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்று. ஒரே கேள்விக்கு நாள் பூராவும் பதில் சொல்லி நொந்துபோகும் உத்தியோகத்தில் இருக்கிற புண்ணியவான்களே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எண்ணெய் காயும் நேரம்

தியேட்டருக்குள்ளேயே வடைக்கடை போட்டிருந்தவர் சவரிமுத்து. இடைவேளைக்குச் சனம் வெளியே வரும்போது வடை சட்டியிலிருந்து இறங்க வேண்டும். முன்னால் போட்டால் ஆறிப்போகும், பின்னால் போட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். கடிகாரம் உதவாது. நடுவில் பிலிம் அறும், கரண்டு போகும், எல்லாம் தள்ளிப்போகும். அதனால் என் விரல்தான் கணக்கு. மேல் சக்கரத்தில் மிச்சமிருக்கிற பிலிமின் தடிமனை விரல் வைத்துப் பார்ப்பேன். இடைவேளைக்கு முந்தின ரீலில் மூன்று விரல் இருந்தால் அவர் பீடி குடிக்கலாம். ஒரு விரலுக்கு வந்துவிட்டால் எண்ணெய் காய வேண்டும்.

ஒருநாள் ஒரு விரல் என்று கத்திவிட்டுத் திரும்புகிறேன், படக்கென்று பிலிம் அறுந்தது. ஒட்டி முடிப்பதற்குள் கீழே வடையெல்லாம் கரி. சவரிமுத்து மாடிப்படியில் ஏறி வந்து என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏண்ணே, இந்த விரல நம்பித்தான் நான் அடுப்பு பத்த வைக்கிறேன். இன்னிக்கி என்ன, வீங்கிப்போச்சா?"

மலைக்குப் போகிற பஸ்

சிறுமலையிலிருந்து வாழைத்தார் கொண்டுவந்து போடுகிற ஒருவர் வாராவாரம் மேட்னிக்கு வருவார். மலைக்குப் போகிற கடைசி பஸ் படம் முடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடும். விட்டால் ராத்திரி மார்க்கெட்டில் தார்களோடு தாராகப் படுக்க வேண்டியதுதான். எனவே பாவம், எந்தப் படத்துக்கும் முடிவு பார்த்ததில்லை. வில்லன் கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு போகும்போது இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். அவர் பார்த்தவரை ஒரு கதாநாயகியும் வீடு திரும்பியதில்லை. ஒரு நாள் ஆட்டம் தொடங்குமுன் என் அறைக்கு நேரே ஏறி வந்தார்.

"ஆபரேட்டரண்ணே, இன்னிக்கி மட்டும் கடைசி ரீல மொத போட்டு விடுங்க. முன்னாடி நடந்தத நான் பஸ்ஸுல போகயில யோசிச்சுக்கிறேன்."

ஈட்டிக்காரன்

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். பொன்னுத்தாயி விஷயம் அப்படியில்லை.

குஜிலியம்பாறைப் பக்கத்துக்காரி. ஒரு ராஜா படம், மற்ற ஊர்களில் எல்லாம் ஓடித் தேய்ந்து எங்களிடம் வந்திருந்தது. திரையில் விடாமல் மழை பெய்யும், அவ்வளவு கீறல். மேட்னி விட்டதும் மடியில் நிலக்கடலையோடு படியேறி வந்தாள். அவள் தம்பி மாரியப்பன் சினிமாவில் சேர்கிறேன் என்று மெட்ராசுக்கு ஓடிப்போனவன். கடுதாசி இல்லை, தகவல் இல்லை. இந்தப் படத்தில் ராஜாவுக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நிற்கிறான் என்று உறவுக்காரன் ஒருவன் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறான். இவளும் பார்த்தாள். ஆனால் எதிர்பார்க்காத நேரத்தில் வந்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டதாம். அவன் வருகிற இடம் எது என்று சொன்னால் நாளைக்கும் வருகிறேன் என்றாள். எனக்கோ உடம்பெல்லாம் அலுப்பு. நாளைக்குப் பார்க்கலாம் தாயி என்றேன். அவள் நகரவில்லை.

"ஆத்தா படுத்த படுக்கையா கெடக்குண்ணே. அவன் உசுரோட இருக்கான்னு தெரிஞ்சாத்தான் சோறு எறங்கும்ங்குது."

வடை வாசம்

மறுநாள் காலையில் ரீல்களைக் கையால் திருப்பிச் சுற்றும்போது தேடினேன். இருந்தது. ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்து கையை ஓங்குவார். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு முகம், அட்டைத் தொப்பியும் வரைந்த மீசையுமாக. அடுத்த கணம் ராஜாவின் தோளே அதை மறைத்துவிடும். எந்த இடத்தைக் குறிக்க வேண்டுமானாலும் சுருளுக்குள் ஒரு சின்னக் காகிதச் சீட்டு செருகி வைப்பது எங்கள் வழக்கம். அங்கே ஒன்று செருகினேன். விரல் வைத்துப் பார்த்தால், இடைவேளைக்கு முந்தின ரீலில் சரியாக ஒரு விரல்.

வேலை சுலபமாகப் போயிற்று. "தாயி, எண்ணெய் காயிற வாசம் வரும். வந்ததும் கண்ண இமைக்காம ராஜாவோட தோளையே பாரு" என்று சொல்லி அனுப்பினேன். பார்த்துவிட்டாள். ஆட்டம் விட்டதும் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள். அடுத்த தடவை வந்தபோது, ஆத்தா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள் என்றாள். சவரிமுத்துக்கோ பெருமை பிடிபடவில்லை.

"நம்ம வடைய ஊர்ல ஆயிரம் பேரு தின்னுருக்கான்ணே, மோந்து பாத்தே ஒரு உசுரு பொழச்சிருக்குன்னா அது இதுதான்."

நிற்க முடியாத இடம்

படம் ஓடிய வரைக்கும் அவளும் வந்தாள். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள், அந்த இடத்தில் செத்த நேரம் மிஷினை நிறுத்தினால் என்ன என்று. நிறுத்தினால் கார்பன் சூட்டில் பிலிம் பொசுங்கி ஓட்டை விழும், முதலில் கருகுவது உன் தம்பி மூஞ்சிதான் என்றேன். ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும்தான் தாயி முகம் என்று விளக்கினேன். அவளுக்கு என்ன புரிந்ததோ.

"அப்ப ஓடட்டும்ணே. நின்னு எரியிறதுக்கு ஓடிப்போறதே மேலு."

துண்டு

படம் மாறுவதற்கு முந்தின நாள், மேட்னியில், சவரிமுத்துவின் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில், பிலிம் அறுந்தது. அதே இடம். பல்சக்கரம் மாட்டுகிற ஓரத்து ஓட்டைகள் ஏற்கெனவே கிழிந்திருந்தன. கீழே ஒரே விசில். கிழிசலை வெட்டி எறிந்துவிட்டு, நுனிகளைச் சுரண்டி ஒட்டி ஓட்டினேன். வெட்டிய துண்டு காலடியில் கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் ராஜாவின் தோள், பின்னால் ஈட்டிக்காரன். எனக்கு வந்த சந்தோஷத்தைப் பாருங்கள்! இனிமேல் அவள் வாசம் பிடிக்க வேண்டாம், டிக்கெட்டு எடுக்க வேண்டாம், தம்பி முந்தானையிலேயே இருப்பான்.

ஆட்டம் விட்டதும் அவளை மேலே கூப்பிட்டேன். சவரிமுத்துவும் ஒரு வடையோடு பின்னாலேயே வந்தார். கிழிசல் பார்க்க நான் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கொடுத்து, துண்டை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். அவள் பார்த்தாள். சிரித்துக்கொண்டே பார்த்தாள். சிரிப்பு மெல்ல நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு கண்ணாடியை மிஷின் மேல் வைத்தாள்.

"இது எந்தம்பி இல்லண்ணே" என்றாள்.

சவரிமுத்து வடையை நீட்டுவதா மறைப்பதா என்று தெரியாமல் நின்றார். அவள் அழவில்லை. துண்டை வாங்கி, பத்திரமாக முந்தானை முனையில் முடிந்துகொண்டாள். படியில் பாதி இறங்கினவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஆத்தாகிட்ட இவன்தான்னே இருக்கட்டும்ணே. அடுத்த ராஜா படம் எப்ப போடுவீக?"

அதற்கப்புறம் எந்த ராஜா படம் வந்தாலும் ரீல் சுற்றும்போது ஈட்டிக்காரன்கள் முகத்தில் பொன்னுத்தாயி சாயல் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆக ஆபரேட்டர் தினமும் ஓசிப்படம் பார்க்கிறான் என்று ஊர் சொன்னது கடைசியில் உண்மையாகத்தான் போயிற்று.