ஐயா பாடிய பாட்டுகளும் எங்கள் தம்பியும்

எங்கள் ஐயா எழுவைதீவில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தார். படகேறிப் போய்ப் படித்து, ஊர்காவற்றுறையில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக வேலைக்கு வந்தார். ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பத் தெரியாதவர். கோபம் வந்தால் சாப்பிடமாட்டார். அம்மா கெஞ்சினால் கோபம் இன்னும் கூடும். இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை. ஐயாவின் பாட்டைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்த நினைவு மலர் பொய்யாகிவிடும்.

ஐயா பாடியவை கூட்டங்களில் பாடும் பாட்டுகள். எல்லாருக்கும் ஒரே கிணறு, வேலைக்கேற்ற கூலி, கோயில் வாசல் எல்லாருக்கும் திறக்க வேண்டும் என்பவை. தம்பியைச் சைக்கிள் பாரிலும் என்னைக் கரியரிலும் ஏற்றிக்கொண்டு கூட்டங்களுக்குப் போவார். ஒரு வரியை அவர் பாட, அடுத்த வரியை நாங்கள் பாட வேண்டும். எதிர்க்காற்றில் ஐயாவுக்கு மூச்சு வாங்கினால் தம்பி இரண்டு வரியையும் தானே பாடிவிடுவான். அவனுக்கு என்ன குரல்! எனக்குப் பொறாமையாகவே இருக்கும்.

தம்பி வளர்ந்தபோது ஊரில் சண்டைக்குக் கூப்பிடும் வேறு பாட்டுகள் வந்துவிட்டன. அவற்றையும் பாடினான். பதினேழு வயதில் ரியூசனுக்கென்று வெளிக்கிட்டவன் இயக்கத்துக்குப் போய்விட்டான். பிறகு வரவேயில்லை.

"உங்கட பாட்டுத்தான் என்ர பிள்ளையைக் கொண்டு போனது" என்று அம்மா ஐயாவின் முகத்துக்கு நேரே சொன்னார். ஐயா அன்றோடு பாட்டையும் விட்டார். இடம்பெயர்ந்து அலைந்த காலத்திலும், திரும்பி வந்து இடிந்த வீட்டைக் கட்டிய காலத்திலும் அவர் வாயில் ஒரு வரி வந்ததில்லை. உறவினர்களே, உங்களில் சிலர் அம்மா சொன்னதையே சொல்லித் திரிந்தீர்கள். அது ஐயாவின் காதுக்கு எட்டாமல் இல்லை.

நான் பாட்டை விடவில்லை. என் மகளை அந்தப் பாட்டுகளைப் பாடித்தான் நித்திரையாக்கினேன். எனக்கு வேறு தாலாட்டுத் தெரியாது. அவளுக்கும் இப்போது பதினேழு வயது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக வீதியோரம் இருக்கும் தாய்மாருடன் போயிருந்து பாடுகிறாள். அவளை யார் யாரோ படம் எடுக்கிறார்கள். புலனாய்வுக்காரரோ என்று பயந்து, அவள் வீடு வரும்வரை வாசலில் நிற்கிறேன்.

ஐயா படுக்கையில் கிடந்த கடைசி வாரம், அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டே அவள் ஒரு வரியை முணுமுணுத்துவிட்டாள்.

"ஆர் பிள்ளை சொல்லித் தந்தது?"

"அம்மா."

ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவளிடம்தான் பேசினார்.

"பாடு பிள்ளை. ஆனா பாட்டுக் கூப்பிடுற இடமெல்லாம் போகாதை."

கதவடியில் நின்ற அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இஞ்சேருங்கோ, இதை அண்டைக்கு அவனுக்குச் சொல்லியிருக்கலாம்தானே?"

"சொன்னனான்," என்றார் ஐயா. "அவனுக்கும் இதைத்தான் சொன்னனான்."

அம்மா வந்து ஐயாவின் காலடியில் இருந்தார். இத்தனை வருடமும் ஏன் இதைச் சொல்லாமல் இருந்தீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சொல்லியும் பிள்ளை போனான் என்பதை ஒரு தகப்பன் எப்படிச் சொல்வார்?

ஐயாவை ஆசுப்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய அயலவர்களுக்கும், துக்க நாட்களில் எங்களுக்குச் சமைத்துத் தந்தவர்களுக்கும், எழுவைதீவிலிருந்து கடல் தாண்டி வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் என் மகள் ஐயாவின் பாட்டொன்றைப் பாடப் போகிறாள். மறிக்க எனக்கு மனம் வரவில்லை. இருந்து கேளுங்கள். தம்பியைப் போலவே பாடுகிறாள் என்று மட்டும் யாரும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.