ஸ்டென்ட் அப்பாவுக்கு, விவரம் மாமாவுக்கு

“ரெண்டு எழுத்து படிச்சுட்டு வந்து எங்களுக்கே வைத்தியம் சொல்றியா? நீ இன்னா டாக்டரா?” அம்மாவின் அண்ணன் போனில் என்னைக் கேட்டது இது. நான் டாக்டர் இல்லை, ஜெர்மனியில் இதயநோய்ப் பிரிவில் நர்ஸ். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள். அந்த இரண்டு எழுத்தை மாமா எனக்குப் பிச்சை போடவில்லை.

இங்கே வந்த புதிதில் ஒரு பழக்கம் விசித்திரமாகப் பட்டது. இதயக் குழாய் அடைப்பைத் திறப்பதற்கு முன் மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு நோயாளியின் அருகில் உட்கார்ந்துவிடுவார். ஆஃப்க்ளேருங் என்பார்கள், விளக்கிச் சொல்வது. மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயை விடுவோம், அந்த இடம் மட்டும் மரத்துப்போகும், நீங்கள் விழித்திருப்பீர்கள். பலூனால் விரித்து ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைப்போம், அது உள்ளேயே இருக்கும். ரத்தம் கசியலாம், அரிதாக மாரடைப்போ பக்கவாதமோ வரலாம். ஒவ்வாமை உண்டா, சிறுநீரகம் எப்படி, சர்க்கரைக்கு என்ன மாத்திரை? எல்லாம் நோயாளியிடமே. ஒரு முதியவரிடம், மகனை வரச் சொல்லட்டுமா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். “ஏன், இதயம் அவனுடையதா?” என்று முறைத்தார். பெற்ற பிள்ளையை வெட்டிப் பேசுகிறாரே என்று எனக்கு எரிச்சல். தன்னைக் குழந்தையாக்குகிறேன் என்று அவருக்கு எரிச்சல்.

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற அப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோது யாரும் நாற்காலியை இழுத்துப் போடவில்லை. மருத்துவர் மாமாவைத் தனியே அழைத்துப் பேசினார். காட்டிய இடத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். வாயு அடைப்பு, குழாய் விட்டு எடுத்துவிட்டார்கள் என்று மாமா அவரிடம் சொன்னார். உண்மை தெரிந்தால் பயந்துவிடுவாராம். என் காதிலும் போடக்கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு. அம்மாவால் ஒரு வாரம்கூடத் தாங்க முடியவில்லை. ஸ்டென்ட் வைத்ததை என்னிடம் சொல்லிவிட்டு, அப்பாவிடம் கேட்டுவிடாதே என்று அழுதாள். அவளுக்காக வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் வீடியோ அழைப்பில் அப்பாவின் விரலில் துணிச் சுற்றைப் பார்த்தேன்.

“சரிகை கீறிச்சும்மா. அந்த மாத்திரை போட்டதுல இருந்து ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. தறியில சந்தனக் கலர் புடவை இருக்குது. ஒரு சொட்டு பட்டா முதலாளி தள்ளிடுவாரு. அதான் மாத்திரைய நிறுத்திட்டேன். வாயுவுக்குத்தானே?”

புது ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமல் காப்பது அந்த மாத்திரைதான். உறைந்தால் மாரடைப்பு. புடவையைக் காப்பாற்ற என் அப்பா உயிரைப் பணயம் வைத்துக்கொண்டிருந்தார், அதுவும் தெரியாமல்.

“அப்பா, உன் நெஞ்சுக்குழாய்க்குள்ள கம்பி வலை வெச்சிருக்காங்க,” என்றேன்.

அப்பா விரல் துணியை இறுக்கிக் கட்டினார். “மச்சானுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தறியில ஒரு இழைய மாத்தணும்னாலும் என்னைக் கேட்டுத்தான் செய்வாங்க. இதுக்குக் கேக்கல பாரு.”

உடனே அம்மாவுடன் மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். மருத்துவர் சோதித்து மாத்திரையை மீண்டும் தொடங்கினார். கீறினால் அழுத்திப் பிடிக்க வேண்டும், நிற்காவிட்டால் வர வேண்டும், தானாக மட்டும் நிறுத்தவே கூடாது என்றாராம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அவர் வாய் வலித்திருக்குமா? நீ இன்னா டாக்டரா என்ற மாமாவின் கேள்வி வந்தது அதற்குப் பிறகுதான். அப்பாவைப் பயமுறுத்திவிட்டேனாம். ஆமாம், பயப்படட்டும். அவருடைய நெஞ்சுக்கு அவர்தானே பயப்பட வேண்டும்.

இதைப் படிக்கும் மாமாக்களே, மூத்த மகன்களே, நோயாளிக்கு முன்னால் நிற்காமல் விலகுங்கள். வெறும் வயிற்றோடு எப்போதிலிருந்து இருப்பது, எந்த மாத்திரையை நிறுத்துவது, எதை நிறுத்தவே கூடாது என்று அவர் காதால் அவரே கேட்கட்டும்.

அப்பாவுக்கு இன்னொரு அடைப்பு பாக்கி. இந்த முறை மருத்துவரிடம் அவரே கேட்டார், தறியில் நாடா எறிகிற வலது கையை விட்டுவிட்டு இடது கை வழியாகச் செய்ய முடியுமா என்று. பார்க்கலாம் என்றாராம். இங்கே அந்த அறைக் கதவுக்கு உள்ளே சீருடையோடு நிற்பவள் நான். அங்கே வெளியே, மாமாவுக்குப் பக்கத்தில், சொந்தக்காரியாக நிற்க வேண்டும். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். டிக்கெட்டும் எடுத்தாயிற்று.