கதவில் பதிந்த காது

என் வீட்டுக்காரருக்கு வேலை போலீஸ் கைரேகைப் பிரிவில். கிறுக்கு மட்டும் காது மேல். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே முகத்தை விட்டுவிட்டுக் காதைத்தான் பார்த்தார். கம்மலை எடை போடுகிறார் என்று என் அம்மா பயந்துபோனார். மனுஷனுக்குக் கம்மல் கண்ணிலேயே படவில்லை என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஒருவர் காது மாதிரி இன்னொருவருக்கு இருக்காது, உள்ளே ஆள் இருக்கிறதா என்று திருடன் கதவில் காது வைத்துக் கேட்பான், அந்தத் தடமே அவனைக் காட்டிக்கொடுக்கும் என்று பஸ் ஸ்டாண்டில்கூடப் பாடம் நடத்துவார். முன்னால் நிற்பவரின் காதைக் காட்டியே நடத்துவார். இதுவரை அடி வாங்காதது அண்ணாமலையார் புண்ணியம்.

சென்ற வருஷம் வேங்கிக்காலில் எங்கள் குடியிருப்பிலேயே அவருக்கு யோகம் அடித்தது. எதிர்வீட்டு அம்மா சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிரிவலம் போனார். திரும்பி வந்து பார்த்தால் சங்கிலியைக் காணோம். வெள்ளிக்கிழமை துடைத்த கதவில், எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு காது பதிந்திருந்தது. மடலில் துளைகூடத் தெரிந்தது.

"தொள இருக்கு, எண்ண வச்ச தல. பொம்பளதான்" என்று எதிர்வீட்டு அம்மா முடிவுகட்டி, இரண்டு வீட்டிலும் வேலை செய்யும் பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

அந்தச் சங்கிலி பிறகு அந்த அம்மா வீட்டு அரிசி டப்பாவிலேயே கிடைத்தது. ஒளித்து வைத்தவரும் அவரேதான். ஆனால் அன்று அது யாருக்குத் தெரியும்? ஒரு வீட்டில் திருடி என்ற பேர் விழுந்தால், அந்தக் குடியிருப்பில் வேறு எந்த வீட்டிலும் அவளுக்கு வேலை கிடையாது.

என் வீட்டுக்காரர் பூதக்கண்ணாடியோடு வந்தார். வேலை செய்யும் பெண்ணின் காதை எங்கள் வீட்டு முகக்கண்ணாடியில் அழுத்தச் சொன்னார். அந்த நிலையிலும் அவள், "இன்னா சார், கண்ணாடி எதுனா சொல்லுதா?" என்றாள்.

"காத மட்டும் வச்சி ஒருத்தர உள்ள தள்ள முடியாது. அழுத்துறதுக்குத் தகுந்தாப்ல தடம் மாறும். ஆனா இது இவங்க காது இல்ல" என்றார் இவர். அவள் மடல் கன்னத்தோடு ஒட்டியது. கதவில் இருந்தது தனியாகத் தொங்குவது.

எதிர்வீட்டு அம்மா மசியவில்லை. "அப்ப யார் காதுனு சொல்லுங்க."

நிபுணர் மூன்று மாடிப் பெண்களின் காதுகளையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, பொம்பளைங்க எண்ண தேச்சிக் குளிக்கிறது செவ்வாய், வெள்ளி. வெள்ளிக்கிழம சாயந்திரம் தொடச்ச கதவுல இவ்ளோ எண்ணன்னா அது சனிக்கிழம எண்ண. சனிக்கிழம ஆம்பளைங்க நாளு. நம்ம பக்கம் காது குத்தாத ஆம்பள யாரு?"

சொல்லும்போதே இவர் காதைப் பார்த்தேன். அதே மடல், அதே வளைவு. ஊர்க் காதையெல்லாம் அளந்தவர் தன் காதைப் பார்த்ததே இல்லை. ஆனால் இவர் தலைக்கு எண்ணெய் வைத்து வருஷக்கணக்காகிறது. எங்கள் வீட்டில் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்ப்பவர் என் மாமனார் ஒருவர்தான். மாமியார் போன பிறகு எங்களோடு இருக்கிறார். காதும் பரம்பரைச் சொத்துதான்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமனார், வேட்டியைச் சரிசெய்துகொண்டு நேராக எதிர்வீட்டு அம்மா முன் போய் நின்றார்.

"அது என் காதும்மா. அந்தப் பொண்ண விட்டுடு."

"ஐயா, நீங்களா! எங்க கதவாண்ட என்ன பண்ணீங்க?"

"சாப்புடும்போது நீங்கள்லாம் பேசிக்குவீங்க. கொஞ்ச நேரம் அதக் கேட்டுட்டு வந்து நான் சாப்புடுவேன்."

எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் டிவி மட்டும்தான் பேசும். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இவர் பூதக்கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

எதிர்வீட்டு அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "கதவத் தட்டியிருந்தா உள்ள கூப்ட்டிருப்பேனேங்க."

"தட்டுனா பேச்ச நிறுத்திடுவீங்களேம்மா" என்றார் மாமனார்.