கடல் வேணாம் மிஸ்

நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். படிப்பும் பத்தாம் வகுப்போடு சரி. நானெல்லாம் எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் மீன்பிடிக் கிராமமான கண்டக்குழியில், கடலைப் புரட்டும் கச்சான் காற்று தொடங்கிய காலம். காற்று பலமாக அடிக்கும் காலைகளில் என் மகளுக்கு வயிறு வலிக்கும், பள்ளிக்கூடம் போகமாட்டாள். மருந்துக்கும் நிற்கவில்லை. இப்படியே போனால் பரீட்சை எழுத முடியாது என்றார் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகளின் மனப்பயத்தை முன்கூட்டியே தடுக்க ஒரு நிகழ்ச்சி நடக்கிறது, நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டார். மகளை இழுக்காத குறையாகக் கூட்டிப்போனேன்.

தாய்மார் பின்வரிசையில் இருந்தோம். கொழும்பிலிருந்து வந்த இளம் பயிற்சியாளர் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார்.

"இப்ப நீங்க கடல்ல மிதக்கிறீங்க. அலை உங்களத் தாலாட்டுது..."

அந்தக் குரலில் எனக்கே உடம்பு லேசானது. இருந்த கதிரை, சுவர், கூரை எல்லாம் கரைந்து நீலம் மட்டும் மிஞ்சியது. அந்த நீலத்துக்குள் ஒரு குரல் கேட்டது.

"கடல் வேணாம் மிஸ்."

என் மகள்! எழுந்து நின்றாள்.

"எங்கட அப்பா இப்ப கடல்ல. காத்துச் சத்தம் கேட்டா எனக்கு வயிறு வலிக்கும்."

வீட்டில் எனக்குக்கூடச் சொல்லாத கதை அது.

பயிற்சியாளர் அவளருகே வந்து நின்றார். பிறகு, "அப்ப எங்க போவம்? நீ கூட்டிட்டுப் போ தங்கச்சி" என்று தானும் கண்ணை மூடிக்கொண்டார்.

"வாடிக்குப் போவம்" என்றாள் மகள். கரையில் மீன்பிடிக்காரர் தங்கும் ஓலைக் கொட்டில் அது. "காஞ்ச வலை குமிஞ்சு கிடக்கு. ஏறிப் படுங்க."

"ஐயோ, மீன் நாறுமே!" என்றான் ஒருவன்.

"அப்ப மூக்கையும் மூடு!"

சிரிப்பு அடங்கியதும் மெதுவாகத் தொடர்ந்தாள். "வெயில்ல வலை சூடா இருக்கு. ஓலை ஓட்டையால வெளிச்சம் பொட்டுப் பொட்டா விழுது. அப்பா கரைக்கு வந்திட்டார். பக்கத்துல இருந்து கிழிஞ்ச வலையப் பொத்துறார்."

வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையின் பின்னால் மண்டபமே போனது. நானும் போய்ப் படுத்தேன்.

இன்றும் ஆட்கள் முன்னால் பேச நேர்ந்தால், அந்தச் சூடான வலையில் கொஞ்சம் சாய்ந்துவிட்டுத்தான் வாய் திறக்கிறேன்.

அன்று பின்னேரம் என் கணவர் கரை சேர்ந்தார். மறுநாளும் காற்று அடித்தது. அவர் கடலுக்குப் போனார். மகள் வயிறு வலிக்கிறது என்றாள். சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.