மார்கழிக்கு முன்னால் காய்ச்சிய பால்

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில்தான் நானும் என் மனைவியும் இருக்கிறோம். கீழ்வீட்டை வாடகைக்கு விட்டிருந்தோம். பக்கவாதம் வந்து அவளுக்கு வலது கை கால் விழுந்த பிறகு படி இறங்க முடியவில்லை. அவள் வாசலைப் பார்க்க வேண்டுமென்றால் கீழ்வீடு வேண்டும். குடியிருந்தவர் காலி செய்ய மறுத்தார். வழக்குப் போட்டேன்.

வழக்கு நடக்கும்போதே ஒருநாள் அவர் குடும்பத்தோடு கே.கே. நகருக்குப் போய்விட்டார். ஒரு பீரோவை மட்டும் உள்ளே விட்டு, பூட்டைப் போட்டு, சாவியையும் கொண்டுபோய்விட்டார். ஆள் போனாலும் சாவி கைக்கு வரும்வரை சட்டப்படி வீடு அவர் வசம்தான் என்றார் என் வக்கீல். தை மாதம் உத்தரவு வந்துவிடும், கோர்ட் அமீனா வந்து திறந்து கொடுப்பார், அதுவரை கதவைத் தொடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார்.

நான் கேட்டேனா? கார்த்திகை முடிய நாலு நாள்தான் இருந்தது. மார்கழி பிறந்துவிட்டால் பால் காய்ச்சிக் குடிபோக முடியாது. ஆளில்லாத வீட்டைக் கீழே வைத்துக்கொண்டு இன்னொரு மாதம் மாடியில் கிடக்க வேண்டுமா என்று எனக்கு ஆத்திரம். அரசு அலுவலகத்தில் காலமெல்லாம் ஊரார் மனுக்களில் குற்றம் கண்டுபிடித்தவன், ஆளைக் கூட்டிவந்து பூட்டை உடைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கினார்கள். வாசல் கோலத்தைப் பார்த்து அழுதாள். பால் பொங்கியதும் படம் எடுத்து நானே வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தேன். அவளுடைய சிரித்த முகத்துக்குப் பின்னால் அவருடைய பீரோவும் தெரிந்தது.

அந்தப் படம் கோர்ட்டில் எனக்கு எதிராக வந்தது. என் வழக்கு அப்படியே கிடக்க, பூட்டை உடைத்ததற்காக அவர் போட்ட வழக்கு முன்னால் போனது. வீட்டை அவரிடமே ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு. அதே நாற்காலியில் அவளை மேலே ஏற்றினோம். அவர் திரும்பக் குடிவரவும் இல்லை. அவர் மாட்டிய புதுப் பூட்டு மட்டும் தொங்குகிறது.

ஒரு மார்கழியைப் பொறுக்க முடியாதவனுக்கு இது மூன்றாவது மார்கழி. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். போன வாரமும் வாய்தா தள்ளிப்போனது. வந்து அவளிடம் சொன்னேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள்.

"இனிமே ஒரு தடவதான் இறங்குவேன்," என்றாள். "அதுக்கு அந்தப் பூட்டத் தொறக்கணும்னு இல்ல."

அதில் என்னால் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை.