எட்டு மூலை பங்களாவும் அப்பாவின் வாயும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றோ, ஐம்பத்து நாலோ இருக்கும். இறம்பொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்தோம். எனக்குப் பத்தொன்பது வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாலு எழுத்துப் படித்துவிட்ட மிதப்பில் வீட்டில் என் அதிகாரம்தான். அம்மாவே என்னைக் கேட்டுத்தான் வாய் திறப்பார்.

அப்பா கொத்து வேலை செய்யும் மேசன். பேச்சை எங்கே தொடங்கினாலும் எட்டு மூலை பங்களாவில்தான் கொண்டுபோய் முடிப்பார். எங்கள் தோட்டத்து உச்சியில் இருந்த அந்த வீட்டுக்கு நாலு சுவர் இல்லை, எட்டுச் சுவர். பழைய வெள்ளைக்காரத் துரையின் மனைவிக்கு நெஞ்சு நோய். அந்தப் பனிமூட்டத்தில் அரை மணி நேரம்தான் வெயில் வந்தாலும், அது விழுகிற பக்கத்து அறையில் அந்த அம்மா போய் உட்கார வேண்டும் என்று துரை ஆசைப்பட்டாராம். வீட்டுக்குப் படம் வரைய வந்தவர் கணக்கில் குழம்பிப் பாதியில் போய்விட்டார். அதுவரை தொழிலாளர் வரிசை வீடான லயம் மட்டுமே கட்டியிருந்த அப்பா, நடுவில் ஒரு முளை அடித்து, கயிறு பிடித்து, எட்டு மூலையையும் தரையில் கோடு போட்டுக் காட்டினாராம். "நாலு மூல கட்டத் தெரிஞ்சவனுக்கு எட்டு மூல என்னா பெரிய வித்தையா?" என்பார். கல்யாண வீடோ, கருமாதி வீடோ, எங்கே போனாலும் இதே புராணம். எனக்கு மானம் போகும்.

அப்போதுதான் பிரஜாவுரிமை விசாரணைக்குக் கடிதம் வந்தது. இத்தனை வருடமாக இந்த நாட்டில்தான் இருக்கிறோம் என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அப்பா பிறந்த அக்கரைக்கே குடும்பத்தோடு கப்பலேற்றிவிடுவார்கள் என்று லயம் முழுக்கப் பேச்சு. அப்பா வேலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளும் கொந்தராத்துக்காரர், தோட்டம் தோட்டமாகப் போனவர். எந்தத் தோட்டத்து செக்ரோல் பதிவேட்டிலும் அவர் பெயர் கிடையாது. என் பிறப்பைக்கூட யாரும் பதிந்து வைக்கவில்லை. கையிலிருந்தது அண்மையில் வாங்கிய அரிசிக் கூப்பன் புத்தகம் ஒன்றுதான். விசாரணைக்கு முதல் நாள் அப்பாவை உட்கார வைத்து அதட்டினேன்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அந்தப் பங்களாக் கதைய எடுத்தீங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

"சரி ஆயி," என்றார். மகளை அவர் கூப்பிடுவது அப்படித்தான்.

விசாரணை நடந்த இடம்தான் வேடிக்கை. துரை சீமைக்குப் போனபின் பூட்டிக் கிடந்த அதே எட்டு மூலை பங்களாவில் மேசை போட்டிருந்தார்கள். மழையும் குளிருமாக இருந்ததால் கணப்பும் மூட்டியிருந்தார்கள். அதிகாரி சிங்களவர், பொறுமையான மனிதர், தமிழும் ஓரளவு தெரியும். "இந்த நாட்டுக்கு எப்ப வந்தது?" என்று கேட்டார். "சின்ன வயசுலயே வந்துட்டேங்க," என்றார் அப்பா. "அதுக்குக் காகிதம்?" "இல்லைங்க." அவ்வளவுதான். நான் சொல்லிக் கொடுத்தபடியே சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

அதற்குள் அறையெல்லாம் புகை. கணப்பின் புகை மேலே போகாமல் எங்கள் மீதே இறங்கியது. அதிகாரி இருமினார். பியூன் ஜன்னலைத் திறந்தான், மழைதான் உள்ளே வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்கிறேன், பக்கத்தில் அப்பாவைக் காணோம்! எழுந்து போய்க் கணப்பை ஒட்டிய சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஐயோ அப்பா, சும்மா வந்து ஒக்காருங்க!" என்று பல்லைக் கடித்தேன். காதில் விழுந்தால்தானே! சுண்ணாம்பு உதிர ஒரு செங்கல்லை உருவி, உள்ளே கையை விட்டு, துருப்பிடித்த ஒரு வளையத்தைப் பிடித்து இழுத்தார். கிரீச்சென்றது. புகை கடகடவென்று மேலே ஏறிவிட்டது.

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அங்க வளையம் இருக்கிறது எப்படித் தெரியும்?" என்றார்.

அப்பா என்னைத்தான் பார்த்தார். என்னிடம் அனுமதி கேட்கிறார்! "சொல்லுங்கப்பா," என்றேன்.

மடை திறந்த மாதிரிதான். எல்லா அறைக் கணப்புக்கும் நட்ட நடுவில் ஒரே புகைபோக்கி என்பதால், தீ எரியாத கணப்பை அடைக்க வளையம் பூட்டிய தகடு வைத்தது, முளை அடித்தது, கயிறு பிடித்தது, எந்த அறையில் காலை வெயில், எதில் சாயங்கால வெயில் என்று ஒன்று விடாமல் சொன்னார். "வாசல் நெலைக்கு மேல வருசத்தக்கூட நான்தாங்க வெட்டுனேன், வந்து பாருங்க!" அதிகாரி குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கி அண்ணாந்து பார்த்தார். திரும்பி வந்து, சட்டம் கேட்ட காலத்துக்கும் முந்தியதான அந்த வருடத்தை எழுதிக்கொண்டார். தோட்டத்துப் பழைய கணக்கப்பிள்ளையையும் கூப்பிட்டு விசாரித்தார். உண்மைதான் என்று அவரும் சொன்னார்.

சில மாதம் கழித்து எங்களைப் பதிந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து அழுதார். அப்பாவுக்கோ வேறு கவலை. "அந்தச் செங்கல்லத் திருப்பி வச்சாங்களோ என்னமோ," என்றார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

அன்று எங்களோடு வரிசையில் நின்ற பலருக்கு அந்தக் கடிதம் வரவேயில்லை. அப்பாவின் உழைப்பு சுவராக நின்றது, கண்ணால் பார்க்க முடிந்தது. அவர்கள் ஆயுள் முழுக்கப் பறித்த கொழுந்தை யாரோ எங்கோ குடித்துத் தீர்த்துவிட்டார்கள். இன்றும் ஒருவர் தான் பார்த்த வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், எத்தனை தடவை கேட்ட கதையானாலும் நான் குறுக்கே பேசுவதில்லை. அந்த வாயை விட்டால் அவருக்கு வேறு சாட்சி இல்லாமலும் இருக்கலாம்.